நான் பிடுங்கி எறிந்த பட்டு இழைகள்

முதுகலைப் பட்டம் வாங்கிய கையோடு கிளை நூலகங்களில் வந்து சேர்ந்திருக்கும் உங்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நூலக அறிவியலில் அதே பட்டத்தை நானும் வாங்கியவன்தான். அதை வாங்கப் போன வருஷத்தில், நான் வேலை பார்த்த நூலகத்தையே மூட வைக்கப் பார்த்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை ஒரு வரி விடாமல், ரொம்பச் சிரத்தையாகச் செய்தேன். அதனால் சோம்பேறிகளைப் பார்த்து எனக்குப் பயம் கிடையாது. நன்றாகப் படித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் பயம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்குச் சொந்த ஊர் மாகறல். வீட்டில் எல்லோரும் நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைக்கிறவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துக் கிளையில் வேலை. வாடகை வீடு ஒன்றின் முன்னறை, நான்கு அலமாரி, இரண்டு பெஞ்சு, எப்போதும் பின்தங்கி ஓடும் ஒரு கடிகாரம். சுற்றிலும் பட்டுத் தறி இல்லாத வீடு கிடையாது. ஆனால் நெசவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் தெருவில் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீள நூல், நீட்டியிருந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது மட்டும்தான்.

அங்கே திரும்பி வரும் புத்தகங்களில் பக்கங்களுக்கு நடுவே பட்டு இழைகள் கிடக்கும். விரல் நீளம், சில சமயம் அதற்கும் குறைவு. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று பல நிறங்கள். நெசவாளர் வீட்டுக்குப் போய்வந்த புத்தகத்தில் வேறென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று விட்டுவிடுவேன். அடையாளத்துக்கு என்றால் ஒன்று போதுமே, ஒரே புத்தகத்தில் எட்டும் பத்தும் எதற்கு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனாலும் அவற்றைத் தொட்டதில்லை. படிக்காதவனாக இருந்தவரை நான் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறேன்.

அப்புறம் படிப்பு விடுப்பு கிடைத்து மெட்ராஸுக்குப் போனேன். வகைப்பாடு, அட்டவணை, பார்வை நூல் சேவை என்று எல்லாமே எனக்கு அதிசயமாக இருந்தது. உலகத்தில் உள்ள அத்தனை அறிவுக்கும் ஒரு எண் உண்டு என்று பேராசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாகறல் ஏரிக்கும் ஒரு எண் இருக்கும் அல்லவா என்று பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். முதல் வகுப்பில் தேறியே தீருவது என்று முடிவு செய்தேன்.

பாதுகாப்புப் பாடத்தில் ஒரு வாசகம் வந்தது. புத்தகத்துக்குள் அந்நியப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. குண்டூசி, பூ, இலை, நூல்கயிறு எதுவானாலும் தாளைக் கெடுக்கும், பூச்சியை அழைத்து வரும், உடனே அகற்ற வேண்டும். எனக்கு உடனே பிள்ளையார்பாளையம் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷமாக எவ்வளவு கேவலமாக நூலகம் நடத்தியிருக்கிறோம் என்று கூசிப்போனேன்.

ஆய்வேட்டுக்கு என் கிளையையே எடுத்துக்கொண்டேன். மாவட்ட அலுவலகத்துக்கு அதன் மேல் ஏற்கெனவே ஒரு கண் இருந்தது. இரவல் போகும் புத்தகம் குறைவு, பிள்ளையார்பாளையத்திலிருந்து எடுத்து பஸ் நிலையத்துப் பக்கம் போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். நெசவாளர் தெருக்களில் வாசிப்பு எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்து சொல்வதுதான் என் தலைப்பு. மூன்று மாதம் ஊருக்குத் திரும்பி வந்து கிளையில் உட்கார்ந்தேன்.

வந்த முதல் வேலையாக அலமாரி அலமாரியாகப் புத்தகங்களைப் பிரித்து, தூசி தட்டி, இழைகளைப் பிடுங்கினேன். மூன்று வாரம். முறத்தில் சேர்த்து வெளியே கொட்டுவேன். வெயிலில் அந்தக் குப்பை பளபளவென்று இருக்கும். பார்க்கவே நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் நின்றுகூடப் பார்த்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பிறகு பதிவேட்டை எடுத்துக்கொண்டேன். தெருவுக்கு மூன்று நான்கு பேர்தான் உறுப்பினர். எடுத்த புத்தகத்தையே திரும்பத் திரும்பப் புதுப்பிக்கிறார்கள். அட்டவணை போட்டேன், கோடு வரைந்தேன், முடிவு எழுதினேன். நெசவாளர் குடும்பங்களில் வாசிப்புப் பழக்கம் வேரூன்றவில்லை, கிளையை இடம் மாற்றலாம். தட்டச்சு செய்த பிரதியைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். அவர் மகிழ்ந்துபோய்ப் பதில் போட்டார். கணக்கு தெளிவாக இருக்கிறது, வாய்மொழித் தேர்வு முடிந்ததும் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு பிரதி போகும், அவர்களும் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடிதம் வந்த மறுநாள் ஏகாம்பரம் உள்ளே நுழைந்தார். இரண்டு தெரு தள்ளி ஆறு தறி போட்டிருக்கும் வீட்டுக்காரர். ஐம்பது வயதிருக்கும். கையில் நட்சத்திரங்களைப் பற்றிய ஒரு புத்தகம். அதை என் மேஜை மேல் போட்டார்.

"இதுல கைய வெச்சது யாரு சார்?"

"என்ன ஆச்சுங்க? பக்கம் கிழிந்திருக்கிறதா?"

"பக்கம் நல்லாத்தான் இருக்குது. இழையெல்லாம் எங்க?"

நான் பெருமையாகத்தான் சொன்னேன். "நான்தான் சுத்தம் செய்தேன். அப்படியே விட்டால் புத்தகத்துக்குக் கெடுதல்."

கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அலமாரிக்குப் போய் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இன்னொன்று. மூன்றாவதை எடுத்தவர் பிரிக்காமலே திருப்பி வைத்துவிட்டார்.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாவற்றிலும்தான்."

"இன்னா சார் நீ, இம்மாம் படிச்சிருக்க. ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்றார். "வா எங்கூட. வந்து பாத்துட்டு அப்பால பேசு."

நடு மத்தியானம். கிளையைப் பூட்டிவிட்டு அவர் பின்னால் போனேன். இரண்டு வீட்டை ஒன்றாகச் சேர்த்த நீளக் கூடம். ஏகாம்பரத்தின் தறி தவிர மற்ற ஐந்திலும் குழிக்குள் காலை விட்டு ஆள் உட்கார்ந்திருந்தார்கள், புடவைக் கரையை நெய்ய உதவியாக எதிர்ப்பக்கம் இன்னும் சிலர். இழையை இழுத்துக்கொண்டு நாடா இங்கும் அங்கும் ஓடும் சத்தம், அந்த இழையை நெருக்கப் பலகை இடிக்கும் சத்தம். சுவரோரம் நாலைந்து பெண்கள் ராட்டையில் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூல் கண்டு, சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் ஏகாம்பரத்தின் தம்பி மனைவி சரோஜா. எட்டாவது வரை படித்தவர், என் வயதுதான் இருக்கும். அவர் ஒருவர் கை மட்டும் சும்மா இருந்தது. அவர் பங்குத் தாரை மற்ற பெண்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் யார் படிக்கிறார்களோ அவர்களுக்கு அன்றைக்கு ராட்டை கிடையாது.

ஏகாம்பரம் நட்சத்திரப் புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டுத் தன் தறியில் இறங்கினார். "படிமா" என்றார்.

சரோஜா குரலை உயர்த்திப் படிக்கவில்லை. பலகை இடிக்கும் இடத்தில் மூச்சு வாங்கி, இடிக்காத இடத்தில் சொல்லைப் போட்டார். அத்தனை சத்தத்திலும் ஒரு எழுத்துக்கூட எனக்குத் தவறவில்லை. நாம் இன்று பார்க்கும் வெளிச்சம் அந்த நட்சத்திரத்தை விட்டுக் கிளம்பிப் பல தலைமுறை ஆகிவிட்டது, அந்த நட்சத்திரமே இப்போது அங்கே இல்லாமலும் இருக்கலாம் என்று ஒரு இடம் வந்தது.

ஒரு தறி நின்றது. அதைத் தொடர்ந்து, யாரும் சொல்லாமலே, மற்ற ஐந்தும் நின்றன. ராட்டைகளும் நின்றன. அந்தக் கூடத்தில் விழுந்த அமைதியை என்னால் உங்களுக்குச் சொல்லிக் காட்ட முடியாது. முதலில் நிறுத்தியவர் மூலைத் தறியில் இருந்த ஒரு பெண். "அத்த இன்னொரு தபா படி" என்றார். சரோஜா மறுபடி படித்தார். கேட்டு முடித்ததும் அந்தப் பெண் தன் தறியிலிருந்து ஒரு கிளிப்பச்சைத் துண்டு இழையை எடுத்துப் பக்கத்துத் தறிக்குக் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறிச் சரோஜாவிடம் வந்தது. அவர் அதை அந்த வரி இருந்த பக்கத்தில் வைத்து அழுத்தினார். ஆறு தறியும் திரும்ப ஓடின.

மெட்ராஸில் ஒரு வருஷமாக நான் கேட்ட எந்த விரிவுரையையும் யாரும் இப்படிக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

சரோஜா மெதுவாக எனக்கு விளக்கினார். எந்தத் தறியில் இருப்பவர் நிறுத்தச் சொல்கிறாரோ அந்தத் தறியில் அப்போது ஓடும் புடவையின் நிறம்தான் இழை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இழையை எடுக்க மாட்டார்கள். "அடுத்த வீட்டுல எடுத்துக்கினு போவாங்க இல்ல சார். முன்னாடி கேட்டவங்க எங்க நின்னாங்கன்னு அவங்களுக்கும் தெரியணுமே. நாங்களும் அப்படித்தான் பாப்போம்."

"எத்தனை வீட்டில் இப்படி?"

"நம்ம தெருவுலயே நாலு வீடு. அந்தாண்ட தெருவுல எனக்குத் தெரிஞ்சு மூணு. வீட்டுக்கு ஒரு லைப்ரரி சீட்டு இருந்தா போதாதா சார், வீட்டுக்கே காது இருக்குது."

என் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு வாசகர். கூடத்தில் நான் எண்ணியது பதினேழு பேர். எந்தப் புத்தகத்தை யார் கேட்டார்கள், எந்த வரியில் நின்றார்கள் என்று எந்தப் பல்கலைக்கழகமும் கண்டுபிடிக்காத ஒரு பதிவேடு என் அலமாரிகளுக்குள் இருந்தது. அதை நான் முறத்தில் வாரிக் கொட்டியிருந்தேன். அவர்கள் படிப்பதில்லை என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியும் இருந்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மெட்ராஸுக்குப் போய்ப் பேராசிரியர் முன்னால் நின்றேன். நல்ல மனிதர், ஆனால் தாளில் இல்லாததை நம்ப மாட்டார். பொறுமையாகக் கேட்டார்.

"நீ பார்த்தது ஒரு வீட்டில் ஒரு மத்தியானம். பதிவேடு இரண்டு வருஷத்துடையது. இதை வைத்துக்கொண்டு அதை எப்படி மறுப்பாய்?"

"அந்த இழைகள் இருந்தால் காட்டியிருப்பேன், ஐயா."

"எங்கே அவை?"

"குப்பையில் போட்டுவிட்டேன்."

கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு, "இப்போது இருப்பதைக் கொடுத்தால் உனக்கு முதல் வகுப்பு நிச்சயம். திரும்ப எழுதினால் தாமதம் ஆகும், மதிப்பெண் குறையும், ஆதாரம் இல்லாவிட்டால் தேறாமலும் போகலாம். பதினைந்து நாள் தருகிறேன். யோசித்துச் செய்" என்றார்.

இந்த இடத்தில் நான் உடனே நல்ல முடிவு எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன். பட்டத்தை முதலில் வாங்கிக்கொள்வோம், அப்புறம் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிச் சரிசெய்யலாம் என்றுதான் பஸ்ஸில் பாதி வழி வரைக்கும் நினைத்தேன். அப்புறம் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட ஆய்வேட்டுக்கு முன்னால் என் கடிதத்தை எவன் பிரித்துப் படிப்பான் என்று தோன்றியது. வீட்டுக்குப் போகாமல் நேரே ஏகாம்பரம் வீட்டில் போய் இறங்கினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதியிருந்ததையும் மறைக்காமல் சொன்னேன். கிளை போய்விடும் என்றதும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"நாங்க படிக்கிறதே இல்லன்னா எழுதிக்கிற?" என்றார் ஏகாம்பரம். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "பொஸ்தகத்த தொட்ட கையில நீ சோறு துன்றியே, எப்படி சார்?"

சரோஜாதான் குறுக்கே வந்தார். "திட்டினா இழை திரும்பி வருமா மாமா? சார், பொஸ்தகத்த எடுத்துக்கினு வாங்க. எங்கெங்க இருந்துச்சின்னு நாங்க சொல்றோம்."

"இரண்டு வருஷத்துப் புத்தகங்கள் ஆயிற்றே. எப்படி ஞாபகம் இருக்கும்?"

"மறந்துடறதுக்கா சார் தறிய நிறுத்தனோம்?" என்றார்.

மறுநாள் சைக்கிள் கேரியரில் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு போனேன். தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. சரோஜா புத்தகத்தின் முதல் பக்கத்தை மட்டும் படிப்பார். உடனே கூடத்தின் நாலா பக்கத்திலிருந்தும் குரல் வரும். பஞ்சத்தில் மாட்டை விற்கப் போகிறவனை மாடு திரும்பிப் பார்க்கும் இடம். தேனீக் கூட்டம் வழி தவறாமல் வீடு திரும்பும் இடம். அம்மா பொய் சொல்கிறாள் என்று மகளுக்குத் தெரிந்துபோகும் இடம். "அப்ப என் தறியில அரக்குப் பாவு. தை மாசம்" என்பார் ஒருவர். "மாசி. தையில நீ மஞ்சள் போட்டுக்கினு இருந்த" என்பார் இன்னொருவர். நான் குறித்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் நான் ஒரு ஆராய்ச்சி மாணவன். இவர்கள் நன்றாகத்தான் சொல்கிறார்கள், உண்மையா என்று யாராவது கேட்டால்? என் மேல் இரக்கப்பட்டு, கிளையைக் காப்பாற்ற, இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம் என்று தேர்வாளர் சொன்னால்?

கிளைக்குத் திரும்பி அலமாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் நான்காவது அலமாரியின் மேல்தட்டு கண்ணில் பட்டது. ஏணி தேடிப் போகச் சோம்பல்பட்டு அந்தத் தட்டை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். ஒன்பது புத்தகங்கள். மூன்றில் ஓரத்தில் நிறம் எட்டிப் பார்த்தது. சோம்பேறிகளைப் பார்த்து எனக்குப் பயமில்லை என்று சொன்னது இதனால்தான்.

ஒன்றையும் பிரிக்காமல் கயிறு போட்டுக் கட்டினேன். ஏகாம்பரம் வீட்டில் அந்தக் கட்டை ஒரு மேஜை மேல் வைத்து, தலைப்பை மட்டும் சொன்னேன். அவர்கள் சொன்ன இடத்தையும் நிறத்தையும் எழுதி, அங்கே இருந்த எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். அப்புறம்தான் கயிற்றை அவிழ்த்தேன்.

மூன்று புத்தகங்களில் பதினோரு இழைகள் இருந்தன. பத்து, அவர்கள் சொன்ன அதே நிறத்தில், சொன்ன அதே வரிக்குப் பக்கத்தில் கிடந்தன. ஒன்று மட்டும் ஒரு பக்கம் தள்ளிக் கிடந்தது. அதை ஏகாம்பரம் ஒப்புக்கொள்ளவே இல்லை. "பொஸ்தகத்துல நவுந்துட்டிருக்குது. நான் சொன்ன எடந்தான் சரி" என்றார். நான் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பட்டுக்குப் பேர்போன ஊர் என்றுதான் ஊரெல்லாம் சொல்வார்கள். அந்தப் பட்டை நெய்கிறவர்கள் எதைக் கேட்டுக்கொண்டு நெய்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மற்ற ஆறு வீடுகளுக்கும் போனேன். பதினான்காவது நாள் திருத்திய பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பெரிய பெயர், பெரிய கண்டிப்பு. மேல்தட்டுப் புத்தகங்களில் ஒன்றை ஆதாரமாக எடுத்துப் போயிருந்தேன். அவர் என் பேச்சைக் கேட்டுக்கொண்டே அதைப் பிரித்தார். அரக்கு இழை ஒன்று கிடந்தது. நம் தொழில்காரர் அல்லவா, கை தானாகப் போய் அதை இரண்டு விரலால் பிடித்துவிட்டது.

நான் எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

என் பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, அதை எடுத்துவிடாதீர்கள். அது ஒருவர் நின்ற இடம்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், இழையைப் பார்த்தார். பிறகு விரலை விட்டுவிட்டு, அது கிடந்த பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். முழுப் பக்கத்தையும் படித்தார். முடித்ததும் முதல் வரிக்குத் திரும்பிப் போனார். நாங்கள் காத்திருந்தோம்.

"நெய்துகொண்டே இதைக் கேட்டார்களா?" என்றார்.

"ஆமாம், ஐயா. இந்த இடத்தில் மட்டும் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்."

அவர் இழையைத் தொடாமல் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்தார். எனக்கு இரண்டாம் வகுப்புதான் கிடைத்தது. திருத்திய பிரதியைப் பார்த்த மாவட்ட அலுவலகத்தார் கிளையை அதே முன்னறையில் விட்டுவிட்டார்கள். நான் திரும்பப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஒரு நாள் சரோஜா புத்தகம் மாற்ற வந்தார். "எங்களப் பத்தி எழுதினீங்களே சார், எங்களுக்குப் படிச்சிக் காட்ட மாட்டீங்களா?" என்றார். அது ஆங்கிலத்தில் இருக்கிறது, அட்டவணையும் கணக்குமாக அலுப்பாக இருக்கும் என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை.

சரோஜா உட்காரும் இடத்தில் அன்றைக்கு என்னை உட்கார வைத்தார்கள். ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். முன்னுரை, ஆய்வு முறை, முந்தைய ஆய்வுகள். ஆறு தறியும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. அவர்களைப் பற்றி நான் உருகி எழுதியிருந்த அத்தியாயமும் வந்தது. ஒரு தறிகூட நிற்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்தது. பேராசிரியர் வேண்டாம் என்று சொல்லியும் நான் சேர்த்திருந்த ஒரு பத்தி. 'இப்புத்தகங்களில் இருந்த இழைகளை அழுக்கு என்று கருதி ஆய்வாளரே அகற்றினார். எவரையும் கேட்கவில்லை. இது ஆய்வாளரின் பிழை.'

ஏகாம்பரத்தின் தறி நின்றது. மற்றவையும் நின்றன.

"அத்த இன்னொரு தபா படி சார்" என்றார்.

படித்தேன். அவர் குனிந்து தன் தறியிலிருந்து வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு துண்டு இழையை எடுத்தார். அது கைமாறி வந்தது. சரோஜா என் மடியிலிருந்த பக்கத்தில் அதை வைத்து அழுத்தினார்.

"ம், மேல படி" என்றார் ஏகாம்பரம். தறிகள் ஓட ஆரம்பித்தன.